வினாத்தாள் கடினமா, பிள்ளைகள் படிக்கவில்லையா?

ஏழாம் வகுப்புக் கணக்கில் தசமம், பின்னம், வடிவியல் மூன்றிலும் சேர்த்து 40 பல்தேர்வு வினாக்கள் வைத்தீர்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் கொடுத்தீர்கள். எழுதியவர்கள் 35 பேர், சராசரி 17, பாதிக்கு மேல் எடுத்தவர்கள் ஒன்பதே பேர், பெரும்பாலோர் ஃபெயில் என்று எழுதியிருக்கிறீர்கள். உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் வினாத்தாள் கடினம் என்கிறார், உங்களுக்கோ பிள்ளைகள் படிக்கவில்லை என்று தோன்றுகிறது. யார் சொல்வது சரி, கண்டுபிடிக்க ஃபார்முலா ஏதாவது உண்டா, அடுத்த முறை தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த 17 என்ற எண்ணை வைத்து என் வகுப்பைப் பற்றி நான் எதையாவது நம்பிச் சொல்லலாமா?

நான் இருபது வருடத்துக்கு மேலாக வினாத்தாள் தயாரிப்பதிலும், எழுதி முடிந்த தேர்வுகளை வினா வினாவாகப் பிரித்துப் பார்ப்பதிலும் இருக்கிறேன். பெரும்பாலும் கணக்கு, அறிவியல். மொழிப்பாடக் கட்டுரைகளில் என் பழக்கம் குறைவு, அதனால் அங்கே நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், சராசரியை மட்டும் வைத்து வினாத்தாள் கடினமா பிள்ளைகள் படிக்கவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. 35 பேரில் 12 பேர் மட்டும் சரியாக எழுதிய வினா, பாடம் புரியாததாலும் அப்படி ஆகலாம், வினா குழப்பமாக இருந்ததாலும் ஆகலாம், நேரம் போதாததாலும் ஆகலாம். எண் ஒன்றுதான், காரணம் மூன்று. அதனால் ‘நல்ல வினாத்தாள்’ என்று தனியாக ஒன்றைத் தேடாதீர்கள். மதிப்பெண்ணிலிருந்து நாம் எடுக்கும் முடிவு தாங்குமா என்று பாருங்கள். கல்வியியல் புத்தகங்களில் இதை ஏற்புடைமை என்பார்கள். சாமுவேல் மெசிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1989ல் இதை அழுத்திச் சொன்னார், இன்று இந்தத் துறையில் எல்லோரும் ஏறக்குறைய ஏற்றுக்கொண்ட நிலைப்பாடும் அதுதான்: ஏற்புடைமை வினாத்தாளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் குணம் கிடையாது, அந்த மதிப்பெண்ணுக்கு நாம் கொடுக்கும் பொருளைச் சேர்ந்தது. அதே 40 வினாக்கள் ‘யாருக்குத் தசமம் மறுபடி சொல்லித்தர வேண்டும்’ என்று பார்க்கப் போதுமானதாக இருக்கலாம், ‘யாரை ஃபெயில் ஆக்கலாம்’ என்று தீர்மானிக்கக் கொஞ்சமும் போதாததாக இருக்கலாம்.

அடுத்தது ஊகம். நான்கு விடைகள் உள்ள 40 வினாக்களுக்கு, வினாவைப் படிக்காமலே கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக 10 கிடைக்கும். எல்லோருக்கும் சரியாகப் பத்து வராது, சிலருக்கு 6, சிலருக்கு 14. கணக்குப் போட்டால் திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) சுமார் 2.7 வருகிறது, அதாவது முழுக்க ஊகித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் 5க்கும் 15க்கும் நடுவில் விழுவார்கள். உங்கள் வகுப்பில் 13 எடுத்த பிள்ளையும் 9 எடுத்த பிள்ளையும் இருந்தால், முதல் பிள்ளைக்குக் கொஞ்சம் அதிகம் தெரியும் என்று இந்தத் தேர்வை மட்டும் வைத்துச் சொல்லவே கூடாது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, வெறும் நிகழ்தகவு. இந்தப் பரப்பைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், சராசரி 17 என்பதைவிட அது உங்களுக்கு நிறையச் சொல்லும்.

சரி, வினாவுக்குள் போவோம். நீங்கள் தசமத்தில் கேட்டதாக எழுதியிருந்த மாதிரி வினா இது: 0.5, 0.45, 0.125 இவற்றில் பெரியது எது? பார்க்க நல்ல வினாதான். ஆனால் தசமத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு தவறான புரிதல்கள் அடிக்கடி இருக்கும். ஒரு கூட்டம் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படிக்கும், 125 பெரிது, ஆகவே 0.125 பெரிது. இன்னொரு கூட்டம் ‘ஆயிரத்தில் ஒரு பங்கு சின்னது, ஆகவே இலக்கம் நீள நீள எண் சிறியது’ என்று நினைத்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டாவது கூட்டம் உங்கள் வினாவுக்கு 0.5 என்று எழுதும். விடை சரி, மதிப்பெண் முழுசு, புரிதல் தப்பு! அந்தப் பிள்ளைக்குத் தசமம் தெரியும் என்று நீங்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவீர்கள். இப்போது எண்களை மட்டும் மாற்றுங்கள்: 0.4, 0.62, 0.358. முழு எண்ணாகப் படிப்பவர் 0.358ஐக் குறிப்பார், நீளமானது சிறியது என்பவர் 0.4ஐக் குறிப்பார், இடமதிப்பு புரிந்தவர்தான் 0.62க்கு வருவார். வினா எளிதாகவும் ஆகவில்லை, கடினமாகவும் ஆகவில்லை. ஆனால் ஒவ்வொரு விடையும் இப்போது ஒரு செய்தி சொல்கிறது. தவறான விடைகளை வெறும் இடம் நிரப்ப எழுதுவதா, பிள்ளைகள் உண்மையில் செய்யும் தவறுகளிலிருந்து எடுப்பதா என்பதில்தான் பல்தேர்வு வினாவின் பாதி உயிர் இருக்கிறது. இந்தத் தவறுகளைத் தேடி எங்கும் போக வேண்டாம், போன வருட நோட்டுகளிலேயே இருக்கும்.

அப்புறம், வினா எழுத உட்காரும் முன் ஒரு கட்டம் போட்டீர்களா என்று கேட்க வேண்டும். ப்ளூபிரிண்ட் என்பார்களே அதுதான். இடப்பக்கம் பாடப்பகுதிகள், மேலே எந்த வகை யோசனை வேண்டும் என்பது: நினைவிலிருந்து சொல்வது, செய்முறையைப் பின்பற்றுவது, புதிய இடத்தில் பயன்படுத்துவது. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வினா என்று முன்னாலேயே எழுதி வைக்க வேண்டும். இதை வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு, நானும் தொடக்கத்தில் தேர்வு முடிந்த பிறகுதான் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். கட்டம் இல்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்றால், வினா எழுத எளிதான இடத்திலிருந்து வினாக்கள் குவியும். தசமத்தில் கூட்டல் கழித்தல் வினா நிமிடத்துக்கு ஒன்று எழுதலாம், ஒரு பின்னத்தைப் படத்திலிருந்து ஊகித்துக் காரணம் சொல்லும் வினாவுக்கு அரை மணி ஆகும். மூன்று வாரம் வடிவியல் நடத்திவிட்டு அதில் ஐந்தே வினா வைத்திருந்தால், உங்கள் 17 வடிவியலைப் பற்றி எதுவும் சொல்லாது. இந்த யோசனை வகைகளைப் பிரிப்பதில் மட்டும் ரொம்பக் கறாராக இருக்காதீர்கள். பெஞ்சமின் புளூமின் குழு 1956ல் வெளியிட்ட, யோசனையை எளிதிலிருந்து சிக்கலுக்கு அடுக்கும் ஆறு படிகளைப் பலரும் அப்படியே ஒட்ட வைக்கிறார்கள், ஆனால் ஒரே வினாவை அனுபவமுள்ள இரண்டு ஆசிரியர்களிடம் கொடுத்தால் இரண்டு படியில் வைப்பது சகஜம். ஒரு பிள்ளைக்குப் புதிய கணக்காக இருப்பது, நேற்று டியூஷனில் அதையே போட்டுப் பார்த்த பிள்ளைக்கு வெறும் நினைவுதான். மூன்று வகை போதும் என்பது என் பழக்கம்.

நீங்கள் கேட்ட ஃபார்முலாவுக்கு வருகிறேன். இரண்டு எண்கள் போதும், இரண்டையும் கையாலேயே போடலாம். முதலாவது கடினநிலை, ஒரு வினாவைச் சரியாக எழுதியவர்களை மொத்தம் எழுதியவர்களால் வகுப்பது. 35ல் 14 என்றால் 0.40. பெயர் கடினநிலை என்றாலும் எண் கூடக்கூட வினா எளிது, இதில் பலர் தடுமாறுவார்கள். இரண்டாவது வேறுபடுத்தும் திறன், அதாவது நன்றாகத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் ஒரு வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பது. மொத்த மதிப்பெண்படி விடைத்தாள்களை அடுக்குங்கள், மேலே 27 சதவீதம், கீழே 27 சதவீதம் எடுங்கள். ட்ரூமன் கெல்லி 1939ல் கணக்கிட்டுச் சொன்ன அளவு இது, உங்கள் வகுப்புக்கு மேலே ஒன்பது பேர், கீழே ஒன்பது பேர் வருவார்கள். மேல்குழுவில் சரியாக எழுதியவர் விகிதத்திலிருந்து கீழ்க்குழுவின் விகிதத்தைக் கழியுங்கள். ராபர்ட் ஈபெல் தந்த வழிகாட்டலின்படி 0.40க்கு மேல் என்றால் நல்ல வினா, 0.20க்குக் கீழே போனால் எடுத்துப் பார்க்க வேண்டிய வினா. மைனஸில் போனால் வேறு வேலை எல்லாம் நிறுத்திவிட்டு அதை முதலில் பாருங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், என் சொந்த வினாத்தாளில் ஒரு முறை அது நடந்தது. இரண்டு படங்கள் போட்டிருந்தேன், படம் 1ல் சதுரம், படம் 2ல் நீண்ட செவ்வகம். ‘இவற்றில் செவ்வகம் எது?’ என்று கேட்டு, படம் 1 மட்டும், படம் 2 மட்டும், இரண்டும், இரண்டும் இல்லை என்று நான்கு விடை. விடைக்குறிப்பில் ‘படம் 2 மட்டும்’ என்று எழுதி வைத்தேன். திருத்தி முடித்து எண்ணிப் பார்த்தால் மேல் பத்துப் பேரில் இரண்டு பேர் ‘சரி’, கீழ்ப் பத்துப் பேரில் ஏழு பேர் ‘சரி’. மைனஸ் 0.50. வகுப்பிலேயே நன்றாகக் கணக்குப் போடும் பெண் ‘இரண்டும்’ என்று குறித்திருந்தாள். நான்கு கோணமும் செங்கோணமாக இருந்தால் அது செவ்வகம், சதுரமும் அதில் ஒரு வகை. அவள்தான் சரி, விடைக்குறிப்புதான் தவறு. எல்லா விடைத்தாளையும் மறுபடி எடுத்துத் திருத்தி, வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அந்த எண்ணைப் போடாமல் விட்டிருந்தால், சரியாக யோசித்த பிள்ளைகளுக்கு ‘நீ தப்பு’ என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அதை இன்று நினைத்தாலும் மனசு சங்கடப்படுகிறது.

ஆனால் இந்த எண்களுக்கு ஒரு வரம்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் ஃபார்முலாவை மட்டும் கொடுப்பது நியாயம் ஆகாது. 35 பேர் என்பது மிகச் சிறிய கூட்டம். மேல்குழுவில் ஒன்பது பேர்தான் என்பதால், ஒரே ஒரு பிள்ளை விடையை மாற்றிக் குறித்திருந்தால் வேறுபடுத்தும் திறன் 0.11 நகர்ந்துவிடும். 0.22க்கும் 0.11க்கும் நடுவில் ஒரு பிள்ளையின் தும்மல்தான் இருக்கிறது. கடினநிலையும் அப்படித்தான், 0.51 என்று வந்தது இன்னொரு 35 பேரிடம் 0.34 ஆகவும் வரலாம். பெரிய தேர்வு வாரியங்கள் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிய விடைகளை வைத்துக்கொண்டு பேசும்போது இந்த எண்கள் உறுதியாக நிற்கும். வகுப்பறையில் இவை எந்த வினாவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று விரல் காட்டும், அவ்வளவுதான். தீர்ப்பு நீங்கள் வினாவைப் படித்துச் சொல்ல வேண்டியது.

இன்னொன்றும் உண்டு. எல்லோரும் சரியாக எழுதிய வினாவுக்கு வேறுபடுத்தும் திறன் பூஜ்யம்தான் வரும், அது மோசமான வினா ஆகிவிடாது. பிள்ளைகளை வரிசைப்படுத்துவது நோக்கமா, கற்பித்தது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது நோக்கமா? ராபர்ட் கிளேசர் 1963லேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். வகுப்பாசிரியருக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் வேண்டும். 35 பேரும் ஒரு வினாவைச் சரியாக எழுதினால் அது கொண்டாட வேண்டிய செய்தி, ‘வேறுபடுத்தவில்லை’ என்று அந்த வினாவைத் தூக்கிவிடாதீர்கள்.

நம்பகத்தன்மை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் 17ஐ நம்பலாமா என்பதில் பாதி அதுதான். அதே பிள்ளை, அதே பாடம், இதே மாதிரி வேறு 40 வினாக்கள் கொடுத்தால் ஏறக்குறைய அதே மதிப்பெண் வருமா? சரி தவறு என்று திருத்தும் வினாக்களுக்கு குடர், ரிச்சர்ட்சன் இருவரும் 1937ல் தந்த கேஆர்-20 என்ற சூத்திரம் இருக்கிறது (அவர்கள் கட்டுரையில் அது இருபதாவது சூத்திரம், அதனால் அந்தப் பெயர்). லீ குரோன்பாக் 1951ல் விரிவாக்கிய ஆல்ஃபா என்ற நம்பகத்தன்மை அளவும் அதே குடும்பம். ஒரு எக்செல் தாளில் அரை மணி வேலை. உங்கள் தேர்வின் திட்டவிலக்கம் 6, நம்பகத்தன்மை 0.80 என்று வைத்துக்கொள்வோம், வகுப்பறைத் தேர்வுக்கு 0.80 நல்ல அளவுதான். அப்போதும் ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் சுமார் 2.7 அளவுக்குப் பிழை உட்கார்ந்திருக்கும். 20 எடுத்த பிள்ளையின் உண்மையான நிலை 17லிருந்து 23க்குள் எங்கும் இருக்கலாம், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் அதற்கும் வெளியே. 19 எடுத்தவரை ஃபெயில், 20 எடுத்தவரை பாஸ் என்று பிரிக்கிற இடத்தில் நான் எப்போதும் நின்று யோசிப்பேன். நம்பகத்தன்மையைக் கூட்ட உறுதியான வழி, அதே தரத்தில் வினாக்களைக் கூட்டுவது. பத்து வினாவுக்கு 0.60 இருந்தால் இருபதுக்கு 0.75, நாற்பதுக்கு சுமார் 0.86 ஆகும், ஆனால் ஒவ்வொரு மடங்குக்கும் கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே போகும். பிள்ளைகளின் களைப்பும் கூடும், அது இந்தச் சூத்திரத்தில் கிடையாது. ஆல்ஃபா உயர்வாக இருப்பதால் தேர்வு சரியானதை அளக்கிறது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். 40 வினாவும் நீளநீளமான வாக்கியக் கணக்காக இருந்தால், அது வாசிப்பு வேகத்தை மிக நம்பகமாக அளக்கும், கணக்கை விட்டுவிட்டு.

அப்படியானால் பல்தேர்வையே விட்டுவிட்டு விரிவான விடை கேட்கலாமே என்று அடுத்துத் தோன்றும். கேளுங்கள், படிப்படியாக யோசிப்பதைப் பார்க்க வேறு வழி இல்லை. ஆனால் அங்கே பிழை திருத்துபவரிடம் வந்து உட்காரும். டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் இருவரும் 1912ல் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள், மதிப்பெண் 64லிருந்து 98 வரை போனது. அது மொழிப்பாடம் என்பதால்தான் என்று சொன்னவர்களுக்காக அடுத்த ஆண்டே வடிவியல் விடைத்தாளைக் கொடுத்தார்கள், அதில் இன்னும் அதிகமாகப் பரவியது. விடைக்குறிப்பை முன்பே எழுதி, எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று பிரித்து, பெயரை மூடி, முதலில் எல்லோருடைய முதல் கேள்வியையும் பிறகு எல்லோருடைய இரண்டாவது கேள்வியையும் என்று திருத்தினால் இந்தப் பரவல் குறையும். முழுக்கப் போகாது. கணக்கில் இவ்வளவு செய்தால் போதும் என்பது என் அனுபவம்.

மதிப்பெண் குறைப்பது பற்றி. நான்கு விடை என்றால் தவறுக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் குறைத்தால் முழு ஊகத்தின் சராசரி பூஜ்யம் ஆகும். கணக்கு சரிதான். அதற்குப் பிறகு நடப்பதில்தான் கருத்து வேறுபாடு. பாதி தெரிந்த பிள்ளை, இரண்டு விடையை ஒதுக்கிவிட்டு மீதி இரண்டில் தயங்கும்போது, தைரியமான பிள்ளை குறிக்கும், பயந்த பிள்ளை விட்டுவிடும். நீங்கள் கணக்கோடு சேர்த்துத் துணிச்சலையும் அளக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வு பல காலம் மதிப்பெண் குறைத்துவிட்டு 2016ல் அதைக் கைவிட்டது. லட்சம் பேரை வடிகட்டும் தேர்வுகளில் இதற்கு ஆதரவாக வாதம் இருக்கலாம், ஏழாம் வகுப்பில் வேண்டாம் என்பேன். அதற்குப் பதிலாக விடைகளை மூன்றாகக் குறைக்கலாமா என்று யோசியுங்கள். ஊகம் அதிகமாகுமே என்று பதறுவீர்கள். ஆனால் மைக்கேல் ராட்ரிகஸ் 2005ல் எண்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து மூன்றே போதும் என்றார், காரணம் நான்காவது விடையை பெரும்பாலும் யாருமே தேர்ந்தெடுப்பதில்லை. உங்கள் 40 வினாக்களில் ஒருவர்கூடக் குறிக்காத விடைகள் எத்தனை என்று எண்ணுங்கள், ஆச்சரியப்படுவீர்கள். மிச்சமாகும் நேரத்தில் இன்னும் சில வினாக்கள் சேர்க்கலாம்.

‘பாதிக்கு மேல்’ என்ற கோடும் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வினாக்கள் எளிதானால் பாதி என்பது ஒன்றும் இல்லை, கடினமானால் மலை. வில்லியம் ஆங்கோஃப் 1971ல் சொன்ன முறையை இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து மாலையில் செய்துவிடலாம்: ‘இந்தப் பாடத்தில் தேறினான் என்று மனசார சொல்லக்கூடிய, ஆனால் அதற்கு மேல் போகாத’ ஒரு பிள்ளையை மனதில் வைத்து, ஒவ்வொரு வினாவையும் அப்படிப்பட்ட பத்துப் பேரில் எத்தனை பேர் சரியாக எழுதுவார்கள் என்று தனித்தனியாக எழுதிப் பிறகு கூட்டுங்கள். பத்தால் வகுத்து, இருவர் எண்ணுக்கும் சராசரி எடுத்தால் வருவது உங்கள் கோடு. இதிலும் மனிதத் தீர்மானம்தான் இருக்கிறது, இருவர் எண்ணும் ஒத்துப்போகாது, ஆசிரியர்கள் பொதுவாகப் பிள்ளைகளை அதிகமாகவே மதிப்பிட்டுவிடுவார்கள் என்பது நான் பார்த்தது. ஆனாலும் தேர்வைப் பார்க்காமலே போட்ட 50 சதவீதத்தைவிட இது நேர்மையானது. உங்கள் தாளுக்கு அந்தக் கோடு 16 என்று வந்தால், ‘பெரும்பாலோர் ஃபெயில்’ என்று நீங்கள் எழுதியது மாறிவிடும்.

ஆகவே இந்த வாரம் இப்படிச் செய்யுங்கள். 40 வினாவுக்கும் எந்த விடையை எத்தனை பேர் குறித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே தவறான விடையில் பாதி வகுப்பு குவிந்திருந்தால், ஒன்று எல்லோரிடமும் ஒரே தவறான புரிதல் இருக்கிறது, இல்லை உங்கள் விடைக்குறிப்பு தவறு. நான்கு விடையிலும் சமமாகச் சிதறியிருந்தால் அவர்கள் ஊகித்திருக்கிறார்கள், அந்தப் பாடம் போய்ச் சேரவே இல்லை, அல்லது வினா புரியவில்லை. கடைசி எட்டு வினாக்கள் பலருக்கு வெறுமையாக இருந்தால் நேரம் போதவில்லை, அங்கே படிக்கவில்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது. பிறகு மோசமாக வந்த ஐந்து வினாக்களை எடுத்துக்கொண்டு, நன்றாக எழுதிய ஒரு பிள்ளை, நடுவில் ஒருவர், கீழே ஒருவர் என்று மூன்று பேரைத் தனித்தனியாக உட்கார வைத்து, ‘இதை எப்படி யோசித்தாய், வாய்விட்டுச் சொல்’ என்று கேளுங்கள். நடுவில் திருத்தாதீர்கள், தலையைக்கூட ஆட்டாதீர்கள். இருபது நிமிடத்தில், வினாவில் தவறா புரிதலில் தவறா என்பது எந்த ஃபார்முலாவையும்விடத் தெளிவாகத் தெரிந்துவிடும். வினாவில்தான் தவறு என்று தெரிந்தால் அந்த வினாவுக்கு எல்லோருக்கும் மதிப்பெண் கொடுத்துவிடுங்கள், காரணத்தையும் வகுப்பில் சொல்லுங்கள். அந்த விடை எண்ணிக்கைத் தாளை இங்கே போட்டால், பிள்ளைகள் பெயர் இல்லாமல், நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.